அளவு ஜாக்கெட்: நம் வீட்டுப் பெண்கள் ரவிக்கை தைத்துக்கொண்ட வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடிந்து ஓய்வாக இருக்கும்போது வாசியுங்கள்.

யூடியூப் பார்த்து வீட்டிலேயே "பாட்டி காலத்து ஜாக்கெட்" தைப்பது இப்போது பரவியிருக்கிறது. பஃப் வைத்த கை, முழங்கை வரை நீளும் கை, போட் நெக், கழுத்தோரம் ஃப்ரில் என்று விதவிதமாகத் தைக்கிறார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலரும் தைத்துப் படம் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருத்தி ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள். "டீச்சர், நம்ம உசிலம்பட்டிப் பாட்டிகள் எந்த மாடல் ஜாக்கெட் போட்டாங்க?"

நல்ல கேள்வி. பதில் என்னவென்றால், எங்கள் அப்பத்தா தலைமுறையில் பலர் ஜாக்கெட்டே போட்டதில்லை.

இன்று நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது நினைவிருக்கும். சந்தை நாளில் காதில் தண்டட்டி ஆட, பின்கொசுவம் வைத்துக் கட்டிய சேலையின் முந்தானையையே மாராப்பாக இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் கூடையோடு வரும் பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு ரவிக்கை கிடையாது. அதை அவர்கள் குறையாக நினைத்ததும் இல்லை. வெயிலில் களையெடுத்து, கதிரறுத்து, தண்ணீர் சுமந்த உடம்பு. சேலையே வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான். அதற்கு மேல் தனியாகத் துணி எடுத்துத் தைக்கக் கூலியும் கொடுப்பது என்பது நினைத்துப் பார்க்க முடியாத செலவு.

அப்படியானால் தமிழருக்குத் தையலே தெரியாதா? தெரியும். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத் தொழிலாளரைச் சொல்லும் இடத்தில் துன்னகாரர் வருகிறார்கள். துன்னுதல் என்றால் தைத்தல். அதே நூலில் கஞ்சுக மாக்கள் வருகிறார்கள். கஞ்சுகம் என்பது தைத்த சட்டை. முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர் மெய்ப்பை அணிந்திருக்கிறார்கள். ஊசியும் நூலும் நம்மிடம் பழையவை. ஆனால் தைத்த சட்டை அரண்மனைப் பணியாளருக்கும் வெளிநாட்டுக் காவலருக்கும் உரிய உடையாகத்தான் அங்கே வருகிறது. 'ரவிக்கை' என்ற சொல்லுக்குத் தெலுங்கில் 'ரவிக' என்ற உறவு உண்டு. 'ஜாக்கெட்', 'பிளவுஸ்' இரண்டும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை.

நம் ஊரில் ரவிக்கை இல்லாதது பழக்கம். தெற்கே அதே விஷயம் தடையாக இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. நாடார் உள்ளிட்ட பல சாதிப் பெண்கள் மாரை மறைக்கக் கூடாது என்பது அங்கே நடைமுறை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மிஷனரிகளின் மனைவியர், நாகர்கோவில் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குப் படிப்போடு தையலும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார்கள். தளர்வான, குட்டைக் கை வைத்த ஒரு சட்டையும் அப்போது பரவியது. குப்பாயம் என்பது அதன் பெயர். அதைப் போட்ட பெண்கள் கடைத்தெருவில் அடிபட்டார்கள். சட்டைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் கோயில்களும் எரிக்கப்பட்டன. 1820-களில் தொடங்கிய கலவரம் 1858, 1859 வரை விட்டு விட்டுத் தொடர்ந்தது. கடைசியில் 1859 ஜூலை 26-இல் மன்னரின் அறிவிப்பு வந்தது. நாடார் பெண்கள் சட்டை போடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மேல்துணி அணியக் கூடாது என்றது அந்த அறிவிப்பு. உரிமை கொடுக்கும்போதும் மாடல் எது என்று அரசாங்கமே வரையறுத்தது. தோள்சீலைப் போராட்டம் என்று பாடத்தில் நான்கு வரியில் படித்தது இதைத்தான்.

இது திருவிதாங்கூர்க் கதை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நம் பக்கத்து இராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில், ஆதிதிராவிட மக்கள் மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுக் கட்டளைகள் போட்டார்கள். ஆண்கள் சட்டையோ பனியனோ போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மூடக் கூடாது. இவற்றை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. இந்தச் செய்தியை ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். அம்பேத்கரும் எடுத்துக் காட்டியிருக்கிறார். 1930 என்பது எங்கள் அப்பத்தா வாழ்ந்த காலம். ஒரு ஊரில் வசதி இல்லாததால் ரவிக்கை இல்லை. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு ஊரில், தைத்துப் போட்டால் வீடு எரியும். "பாட்டி காலத்து ஜாக்கெட்" என்று சொல்லும்போது எந்தப் பாட்டி என்று ஒரு நிமிடம் யோசிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சேலைக்கு ரவிக்கை போடும் இன்றைய முறைக்கு வேறு ஒரு வழியும் உண்டு. கல்கத்தாவின் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவி, 1860-களில் கணவரோடு பம்பாய்ப் பக்கம் போய் வாழ்ந்தபோது, பார்சிப் பெண்கள் சேலை கட்டும் விதத்தைப் பார்த்துத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டார். சேலையோடு ரவிக்கையும் உள்பாவாடையும் அணியும் வழக்கத்தைப் படித்த குடும்பங்களில் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். ஆங்கிலேயப் பெண்களின் பஃப் கையும் லேஸும் இந்திய ரவிக்கைக்கு வந்தது இந்தக் காலத்தில்தான். இன்று நீங்கள் ஆசையோடு தைக்கும் பஃப் கை அப்படி வந்து சேர்ந்தது.

சரி, வசதி இல்லாத வீட்டுக்குள் ரவிக்கை எப்படி வந்தது? மிஷின் வந்ததால் வந்தது.

அமெரிக்காவில் ஐசக் சிங்கர் 1851-இல் தன் தையல் மிஷினுக்குக் காப்புரிமை பெற்றார். மிஷினை விடப் பெரிய காரியம் அவருடைய கம்பெனி அதைத் தவணையில் விற்றது. இந்தியாவிலும் சிங்கர் பரவியதற்குத் தவணை ஒரு காரணம். பிறகு 1930-களின் நடுவில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் கம்பெனி உருவாகி, 'உஷா' என்ற பெயரில் நம் நாட்டு மிஷின் வந்தது. கறுப்பு உடம்பும் தங்க நிற எழுத்துமாக, மரப்பலகையோடு கால் மிஷின் ஒன்று வீட்டில் இருந்தால் அந்த வீட்டுக்கு அன்று ஒரு மதிப்பு.

இதில் நம் பகுதிக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22-இல் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் மேல்சட்டையைத் துறந்தார். அது எல்லோருக்கும் தெரியும். 1924-இல் டெல்லியில் ஓர் இளைஞர் அவரிடம், "நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா?" என்ற பொருளில் கேட்டார். காந்தி சில விதிவிலக்குகளைச் சொன்னார். அவர் முதலில் சொன்ன உதாரணம் சிங்கர் தையல் மிஷின். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்து, அந்த அன்பினால் உருவாக்கிய கருவி என்று அதைப் பாராட்டினார். கேள்வி கேட்ட இளைஞர் ஜி. ராமச்சந்திரன். பின்னாளில் டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்த டாக்டர் சௌந்திரத்தை மணந்து, இருவருமாக 1947-இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர் அவர்தான். சட்டையைக் கழற்றியவரே தையல் மிஷினை ஏற்றுக்கொண்டார் என்பதை நான் வகுப்பில் சொன்னதுண்டு. சிலருக்கு நினைவிருக்கலாம்.

இனி பள்ளிக்கூடம். நம் பகுதியை ரேகைச் சட்டம் என்ன பாடு படுத்தியது என்பதும், 1920-இல் பெருங்காமநல்லூரில் என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு கள்ளர் சீரமைப்புத் துறைப் பள்ளிகள் ஊர் ஊராக வந்தன. பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளை சட்டை போட்டுத்தான் போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் தைத்த சட்டையை முதலில் போட்டது அம்மா தலைமுறையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள்தான். நான் படித்தபோது தையல் டீச்சர் என்று தனியாக ஒருவர் இருந்தார். ஒரு முழத் துணியில் ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல், எம்மிங், காஜா என்று வரிசையாகத் தைத்துக் காட்ட வேண்டும். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையலுக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலைகள் உண்டு. அதை எழுதிப் பாஸ் பண்ணி வேலைக்குப் போன பெண்கள் நம் உறவிலேயே இருக்கிறார்கள்.

1985-இல் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை வந்தது. அதைத் தைத்தது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள். கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் அரசு தரும் இலவசத் தையல் மிஷின் திட்டத்துக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த மிஷினில் "இவ்விடம் ஜாக்கெட் தைத்துத் தரப்படும்" என்று வாசலில் அட்டை மாட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்கள் எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகளில் பலர் என் வகுப்பில் இருந்தீர்கள்.

தையல் என்றால் மதுரைக்காரர்களுக்குப் புதுமண்டபம் நினைவுக்கு வராமல் போகாது. மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள் வரிசையாக மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடத்துக்கான உடுப்பெல்லாம் அங்கேதான். துணியையும் ஒரு பழைய ஜாக்கெட்டையும் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் போய்ச் சுற்றி வந்தால் புதுசு தயாராக இருக்கும். இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

அந்தப் பழைய ஜாக்கெட்தான் 'அளவு ஜாக்கெட்'. மேல்நாட்டில் 1863-இல் பட்டரிக் என்பவர் அளவு வாரியாகக் காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். அங்கே இன்று பழைய பாணி உடை தைப்பவர்கள் 1940, 1950-களின் அந்தக் காகித மாதிரிகளைத் தேடி வாங்குகிறார்கள். நம் வீடுகளில் காகிதம் இல்லை. ஒரு ஜாக்கெட்டைப் பார்த்து அடுத்த ஜாக்கெட், அதைப் பார்த்து அதற்கடுத்தது. அம்மாவின் அளவு ஜாக்கெட் பீரோ அடியில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் கை நீளம், கழுத்து இறக்கம், கொக்கி வைத்த இடம் எல்லாமே வரலாற்றுச் சான்று. 1985-இல் 'பூவே பூச்சூடவா' வந்த பிறகு நதியா கம்மல், நதியா வளையல் என்று ஊரே திரிந்தது. அந்த வருடத்துச் சட்டைகளை எடுத்துப் பார்த்தால் சினிமாவும் அதில் தெரியும்.

தைக்கப் போகும் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள்:

1. முடிச்சு ரவிக்கை: நம் பகுதிப் பெண்கள் ரவிக்கை போடத் தொடங்கியபோது பலர் போட்டது இது. கொக்கி கிடையாது. முன்பக்க இரண்டு முனைகளையும் நீளமாக விட்டு முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் வசதி. முதன்முதலாகத் தைப்பவர்களுக்கு இதுதான் சுலபம்.

2. பஃப் கை: கையின் உச்சி வளைவை வழக்கத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் அகலமாக வெட்டி, சுருக்குத் தையல் போட்டு இழுத்துத் தோளோடு சேர்க்க வேண்டும். சுருக்கம் உச்சியில்தான் இருக்க வேண்டும், அக்குளில் வரக் கூடாது.

3. துணி: பருத்திதான் நல்லது. வெட்டும் முன் தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே பிடித்துவிடும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கையால் முடிச்சுப் போட்ட சுங்குடியில் புள்ளிகள் எல்லாம் அச்சு எடுத்தாற்போல ஒரே அளவாக இருக்காது. அதைப் பார்த்து வாங்குங்கள்.

4. முதலில் பழைய செய்தித்தாளில் வெட்டிப் பாருங்கள். பிறகு பழைய சேலைத் துணியில் தையுங்கள். மூன்றாவதாகத்தான் புதுத்துணி.

பழைய மாடல் தைப்பதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். பட்டுச் சேலைக்கு ஜாக்கெட் தைக்க ஆயிரக்கணக்கில் கூலி கேட்கும் இந்த நாளில், தன் உடம்புக்குத் தானே தைத்துக்கொள்ளும் திறமை ஒரு சொத்து. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நமக்கு ரவிக்கை பாட்டியிடமிருந்து வந்த சீதனம் இல்லை. அடி வாங்கிய பெண்களும், பள்ளிக்கூடம் போன பெண்களும், தவணையில் மிஷின் வாங்கிய பெண்களும் ஒவ்வொரு தையலாகச் சேர்த்துக் கொடுத்தது அது.

உங்கள் வீட்டில் பழைய கை மிஷின், கால் மிஷின், அம்மாச்சியின் ரவிக்கை ஏதாவது இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். யாருடையது, எந்த வருடம், யார் தைத்தது என்று தெரிந்த அளவுக்கு ஒரு வரி எழுதுங்கள். அத்தாச்சி, மதினி, சித்திமார் எல்லோரும் எழுத வேண்டும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடுவோம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
உசிலம்பட்டி