மேரி லிங்கன்: துக்கத்தின் மீது ஒரு விசாரணை

ஆபிரகாம் லிங்கனின் கதையை நூல்கள் 1865 ஏப்ரல் 15 காலையோடு முடித்துவிடுகின்றன. அதற்கு முந்தைய இரவு, வாஷிங்டனின் ஃபோர்டு நாடக அரங்கில் கணவரின் அருகே அமர்ந்திருந்த மேரி டாட் லிங்கன் அதன்பின் பதினேழு ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். அந்தப் பதினேழு ஆண்டுகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பேச நேர்ந்தாலும் 'பைத்தியம் பிடித்த மனைவி' என்ற ஒற்றைத் தொடரில் கடந்துவிடுகிறோம்.

அந்தத் தொடர் எப்படி உருவாயிற்று என்பதைக் காண, மேரியின் இழப்புகளை வரிசையாக எண்ணிப் பார்க்கவேண்டும். நான்கு ஆண்மக்களில் எட்வர்ட் 1850இல் இறந்தான். வில்லி 1862இல் வெள்ளை மாளிகையிலேயே காய்ச்சலில் மாண்டான். 1865இல் கணவர். குண்டடிபட்ட லிங்கனை எதிர்வீட்டுக்குத் தூக்கிச் சென்றார்கள்; மேரியின் கதறல் தாளாமல் அவரை அறையிலிருந்து வெளியேற்றினார்கள். கடைசி மூச்சு பிரிந்தபோது அவர் பக்கத்து அறையில் இருந்தார். இறுதி ஊர்வலத்தில் கலந்துகொள்ளும் வலு அவருக்கு இல்லை. 1871இல், எப்போதும் உடனிருந்த கடைசி மகன் டாட், பதினெட்டு வயதில் போனான். மிஞ்சியவர் மூத்த மகன் ராபர்ட் மட்டுமே.

இழப்போடு அவமதிப்பும் சேர்ந்தது. 1866இல் லிங்கனின் பழைய வழக்கறிஞர் கூட்டாளி ஹெர்ன்டன், லிங்கன் உண்மையில் நேசித்தது இளமையில் இறந்த ஆன் ரட்லெட்ஜ் என்ற பெண்ணையே என்று பொதுமேடையில் சொற்பொழிவாற்றினார். கைம்பெண்ணுக்கு எஞ்சியிருந்த நினைவின் மீதே விழுந்த அடி அது. 1867இல் பணக்கவலையால் தம் பழைய உடைகளை நியூயார்க்கில் விற்க முயன்றபோது பத்திரிகைகள் ஏளனம் செய்தன. நீண்ட இழுபறிக்குப் பின் 1870இல்தான் காங்கிரஸ் ஆண்டுக்கு 3,000 டாலர் ஓய்வூதியம் அளித்தது.

மேரியிடம் நோயே இல்லை, எல்லாம் மகனின் சூழ்ச்சி என்று எழுதுவோரும் உண்டு. அப்படிச் சொல்வதும் அவருக்குச் செய்யும் நியாயமாகாது. 1875 மார்ச்சில் ஃபுளோரிடாவில் இருந்த அவர், நலமாக இருந்த ராபர்ட் சாகக் கிடப்பதாக நம்பிச் சிகாகோவுக்கு விரைந்தார். ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ள கடன்பத்திரங்களை உள்ளாடையில் தைத்துவைத்துத் திரிந்தார். வீடே இல்லாதவர் திரைச்சீலைகளை வாங்கிக் குவித்தார். யாரோ தம்மைத் துன்புறுத்துவதாக அஞ்சினார். பிற்கால மருத்துவ ஆய்வாளர்கள் இதற்கு இருமுனைக் கோளாறு என்றும் ரத்தசோகையின் கொடிய வகை என்றும் பெயரிட்டுப் பார்த்திருக்கின்றனர். பெயர் எதுவானாலும் வேதனை மெய்யானது.

1875 மே 19 அன்று, முன்னறிவிப்பு ஏதுமின்றி, விடுதி அறையிலிருந்து மேரியைச் சிகாகோ நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்றார்கள். மனுதாரர் ராபர்ட். மருத்துவர்கள், விடுதிப் பணியாளர்கள், கடைக்காரர்கள் சாட்சி சொன்னார்கள். மருத்துவர்களிற் பலர் மேரியைச் சோதித்ததே இல்லை. ராபர்ட் சொன்னதைக் கேட்டே கருத்துரைத்தவர்கள். ராபர்ட்டும் கண்ணீருடன் சாட்சியளித்தார். மேரிக்காக நின்ற வழக்கறிஞர் ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஆண்கள் மட்டுமே அடங்கிய நடுவர் குழு 'பித்துற்றவர்' என்று தீர்ப்பளித்தது. மேரி பட்டேவியாவில் இருந்த ஒரு தனியார் மனநல இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். சொத்து ராபர்ட்டின் பொறுப்புக்குப் போயிற்று.

இங்கே வரலாறு ஒரு முரணை வைத்திருக்கிறது. இந்த நடுவர் விசாரணை முறையே ஒரு பெண்ணின் போராட்டத்தால் வந்தது. எலிசபெத் பேக்கார்ட் என்பவரை, சமயக் கருத்தில் மாறுபட்டார் என்பதற்காகக் கணவர் 1860இல் மனநோய் விடுதியில் அடைத்தார். மூன்றாண்டுக்குப் பின் வெளிவந்த அவர் போராடியதன் விளைவாகவே, நடுவர் விசாரணையின்றி எவரையும் அடைக்கலாகாது என்று இலினாய் மாநிலம் 1867இல் சட்டம் இயற்றியது. பெண்ணைக் காக்க வந்த அச்சட்டமே மேரியின் படுக்கையறைத் துயரத்தைப் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு இழுத்துவந்தது. சட்டத்துக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: தெளிந்தவரா, பித்துற்றவரா? துக்கத்தால் உடைந்தவர், உதவி வேண்டுபவர், ஆயினும் தம் வாழ்வைத் தாமே நடத்த உரிமையுள்ளவர் என்று விடை சொல்ல அங்கே வழியில்லை.

அந்த வழியைத் திறக்க முயன்றவரும் ஒரு பெண்ணே. மைரா பிராட்வெல் சட்டம் பயின்று தேர்ந்தும், பெண் என்பதால் வழக்காட உரிமை மறுக்கப்பட்டவர். 1873இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அம்மறுப்பை உறுதிசெய்தது. அவரும் நீதிபதியாக இருந்த அவர் கணவரும் மேரிக்காக எழுதினர், பேசினர். நான்கு மாதங்களுக்குள் மேரி ஸ்பிரிங்ஃபீல்டில் தமக்கையின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 1876 ஜூனில் மற்றொரு நடுவர் குழு அவர் தெளிவு பெற்றதாக அறிவித்துச் சொத்தையும் மீட்டுத் தந்தது.

இவ்விடத்தில் நாம் இன்னொரு கைம்பெண்ணை நினைக்க வேண்டியிருக்கிறது. 1865 ஏப்ரல் இறுதியில் இங்கிலாந்திலிருந்து விக்டோரியா அரசி மேரிக்கு இரங்கல் கடிதம் எழுதினார். 1861இல் கணவரை இழந்தவர் விக்டோரியா. அவரும் சாகும்வரை கறுப்பே அணிந்தார். ஆண்டுக்கணக்கில் பொதுநிகழ்ச்சிகளைத் தவிர்த்தார். இறந்த கணவருக்கு நாள்தோறும் உடையும் வெந்நீரும் எடுத்துவைக்கச் செய்தார். மக்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் நடுவர் குழு எதுவும் கூடவில்லை. அவருடைய காலத்தின் பெயரே விக்டோரியாக் காலம் என்றாயிற்று. இருவர் நோயும் ஒன்றெனச் சொல்ல நாம் வரவில்லை. அளவுமீறிய துக்கத்தைத் தாங்கிக்கொள்ள ஒருத்திக்கு அரண்மனை இருந்தது, மற்றவருக்கு வாடகை அறைகளே இருந்தன என்பதைக் கவனிக்கச் சொல்கிறோம்.

விடுதலைக்குப் பின் மேரி பிரான்சின் போ நகரில் நான்காண்டுகள் தனியே வாழ்ந்து, 1880இல் திரும்பினார். 1882 ஜூலை 16 அன்று தமக்கையின் வீட்டில் இறந்தார். நாற்பதாண்டுகளுக்கு முன் லிங்கனை மணந்துகொண்டதும் அதே வீட்டில்தான்.

லிங்கனுக்காக ஒரு நாடே அழுதது. அந்த அழுகையை வரலாறு போற்றுகிறது. அதே மரணத்துக்காக நாடு ஓய்ந்த பின்னும் அழுதுகொண்டிருந்தவரிடம் மட்டும் சான்றிதழ் கேட்டது. தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளை மரண நாளோடு மூடிவைக்கும் நம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள இந்த ஒரு வாழ்க்கை போதுமானது.