அயுதா இளவரசியும் ஒரு சட்டப் புத்தகமும்

கொரியாவைப் பற்றித் தமிழில் பேச ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் 'அப்பா'வில் ஆரம்பிக்கிறார்கள். கொரியக் குழந்தையும் தகப்பனை அப்பா என்றுதான் கூப்பிடுகிறது. அங்கே 'நான்' என்பது 'நா'; 'நாள்' என்பது 'நால்'; புல்லுக்குப் பெயர் 'புல்'. இந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டே போய்க் கடைசியில் கி.பி. 48இல் கப்பலேறிப் போன ஓர் இளவரசியில் முடியும். கேட்பவருக்குப் புல்லரிக்கும். அதற்குப் பிறகு கொரியாவைப் பற்றித் தெரிந்துகொள்ள எதுவும் பாக்கி இருப்பதாக அவருக்குத் தோன்றாது. என்னுடைய ஆட்சேபம் இந்த இடத்தில்தான். உறவு கொண்டாடுவது என்ற காரியம் நம்மிடத்தில் சரித்திரம் படிப்பதற்குப் பதிலியாக ஆகிவிட்டது.

முதலில் இளவரசியைப் பார்த்துவிடலாம். 'சாம்குக் யூசா' என்ற நூல் பதிமூன்றாம் நூற்றாண்டில், ஏறக்குறைய 1281இல், இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்தது. அதற்கு இருநூறு வருஷம் முந்தைய ஒரு காயா நாட்டுக் குறிப்பை அவர் அதில் சேர்த்திருக்கிறார். அயுதா என்ற தேசத்திலிருந்து பதினாறு வயதுப் பெண் ஹோ ஹ்வாங்-ஓக் கடல் கடந்து வருகிறாள், கடலின் சீற்றம் தணியக் கப்பலில் ஒரு கல் ஸ்தூபி, காயா அரசன் சூரோவை மணக்கிறாள், பத்துப் பிள்ளைகள், 157 வயதுவரை வாழ்கிறாள். நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் நூல் எழுந்த காலத்துக்கும் இடையே பன்னிரண்டு நூற்றாண்டு.

அயுதா எது? அயோத்தி என்றார்கள். 2001இல் சரயு கரையில் நினைவுச் சின்னமும் எழும்பிற்று. முதல் நூற்றாண்டில் அந்த ஊருக்குச் சாகேதம் என்று பெயர் வழங்கியது என்பது அங்கே யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. சயாம் தேசத்து அயுத்தயாவாக இருக்கலாம் என்றால் அந்த நகரம் உண்டானதே 1350இல். நம்மவர்கள் பாண்டிய நாட்டையும் ஆய் வேளிரையும் காட்டி, செம்பவளம் என்று தமிழ்ப் பெயரும் சூட்டிவிட்டார்கள். ஒரு பழங்கதையின் ஒற்றைச் சொல்லுக்கு மூன்று தேசங்கள் போட்டி. பௌத்தம் பரவிய நாட்டில், புத்தர் பிறந்த தேசத்தோடு தன் அரசகுலத்தை முடிச்சுப்போட ஒரு துறவிக்கு ஆசை இருந்திருக்கலாம் என்ற எளிய விளக்கம் யாருக்கும் ருசிக்கவில்லை.

மொழி விஷயம் இதைவிடக் கௌரவமானது. கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் ஒப்புமை காட்டி ஒரு முழு இலக்கணமே எழுதினார் ஹோமர் ஹல்பர்ட். 1886இல் அரசாங்கப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தர சியோலுக்குப் போன அமெரிக்கர். இடையன்குடியிலிருந்து கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் அவருக்குக் கைவிளக்கு. வினைச்சொல் வாக்கியக் கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டுவது, மரியாதை வினையிலேயே ஏறிக்கொள்வது எல்லாம் அவர் கண்ணில் பட்டன. தென்திசையிலிருந்து கடல்வழியே மக்கள் வந்திருக்க வேண்டும் என்று யூகித்தார். இன்றைய மொழியியல் இதை ஒப்புக்கொள்வதில்லை. இந்த அமைப்பு துருக்கியிலும் ஜப்பானிய மொழியிலும் உண்டு; அப்பாவும் அம்மாவும் குழந்தை வாய் முதலில் பழகும் ஒலிகள், உலகில் பாதி மொழிகளில் கேட்பவை. முறையான ஒலி மாற்ற விதிகள் நிறுவப்படாதவரை சொற்பட்டியல் எதையும் நிரூபிக்காது.

ஹல்பர்ட்டின் நூலில் நாம் கவனிக்கத் தவறுவது அதன் வருஷம்: 1905. அந்த நவம்பரில்தான் ஜப்பான் கொரியாவின் வெளியுறவைப் பிடுங்கிக்கொண்டது. கோஜோங் அரசரின் முறையீட்டை எடுத்துக்கொண்டு அமெரிக்க ஜனாதிபதியிடம் போனவர் இதே ஹல்பர்ட். அங்கே அதை வாங்கிப் பார்க்க ஆளில்லை. 1907இல் ஹேக் நகரத்திலும் கொரியாவுக்காக நின்றார். 1949இல் சியோலுக்குத் திரும்பி வந்து, ஒரு வாரத்தில் இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டார். நமக்கு அவர் 'தமிழ்தான் மூலம்' என்று சொன்ன வெள்ளைக்காரர். கொரியர்களுக்கு அவர் தேசம் பறிபோகிறபோது கூட நின்றவர். எது பெரிய விஷயம்?

பூர்வீகத்தின்மேல் மோகம் கொரியாவிலும் உண்டு. இளவரசியின் கதைக்கு உண்மையான அர்த்தம் அங்கேதான் கிடைக்கிறது. சூரோ அரசனின் வழி என்று சொல்லிக்கொள்ளும் கிம்ஹே கிம் குலத்தார் இன்று நாற்பது லட்சத்துக்கும் மேல். ஒரு சிற்றரசனுக்கு இவ்வளவு சந்ததி எப்படி? ஜோசோன் ஆட்சியில் சமூகம் படிப்படியாக அடுக்கப்பட்டிருந்தது. மேலே யாங்பான் என்கிற கற்ற நிலவுடைமையாளர், கீழே உழவர், அதற்கும் கீழே அடிமைகளும், பெக்ஜோங் என்று ஒதுக்கப்பட்ட கசாப்புக்காரர்களும். அடிமைக்குக் குலப்பெயர் கிடையாது. குலப்பெயரும் 'ஜோக்போ' என்ற வம்சாவளி ஏடும் இருந்தால் வரி, கட்டாய ராணுவ சேவை இவற்றிலிருந்து தப்பலாம். ஆகவே பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் ஏட்டை விலைக்கு வாங்கினார்கள். நொடித்த யாங்பான் குடும்பங்கள் விற்றன. கள்ள ஏடுகளும் அச்சாயின. அரசு அடிமைகளின் பதிவேடுகள் 1801இல் எரிக்கப்பட்டன. 1894இல் அடிமைமுறையே சட்டப்படி ஒழிந்தது. 1909இல் குடும்பப் பதிவு வந்தபோது பெயரற்றவர்கள் பலர் பெரிய குலங்களின் பெயர்களையே எடுத்துக்கொண்டார்கள். ஆக, அயுதா இளவரசியின் பேரப்பிள்ளைகளில் எத்தனையோ பேருடைய பாட்டன், அவளை வைத்துத் தன் அடிமைத் தழும்பை மூடிக்கொண்டவன். அவனை நான் குறை சொல்லமாட்டேன். அவனுக்கு அது உயிர்ப் பிரச்னை. நாம் எந்தத் தழும்பை மூட இந்த ஏட்டை வாங்குகிறோம் என்பதுதான் என் கேள்வி.

பெக்ஜோங் மக்களுக்கு ஏடு கிடைக்கவில்லை. 1894இன் சட்டத்துக்குப் பிறகும் பதிவேட்டில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அடையாளம் போட்டார்கள். பள்ளிக்கூடம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தது. 1909இல் ஜின்ஜு நகரத்து மாதாகோவிலில் பாதிரியார் அவர்களைக் கூட உட்காரவைத்தபோது மற்ற விசுவாசிகள் எழுந்து வெளியேறினார்கள். அதே ஜின்ஜுவில் 1923 ஏப்ரலில் 'ஹ்யோங்ப்யோங்சா' தொடங்கிற்று. தராசு முள் சமமாக நிற்பதைக் குறிக்கும் பெயர். கறி நிறுக்கிற தராசையே கொடியாக்கிக்கொண்ட இயக்கம். வைக்கம் 1924, சுயமரியாதை இயக்கம் 1925, மஹாட் குளம் 1927. இந்த வருஷங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கொரியாவோடு நமக்கு உறவு வேண்டுமென்றால் அது இங்கே இருக்கிறது. ஆனால் கூட்டங்களில் நான் கேட்ட வரையில் இளவரசிக்குத்தான் கைதட்டல். ஜின்ஜுவின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

அடுத்தது எழுத்து. 1443 இறுதியில் செஜோங் அரசர் இருபத்தெட்டு எழுத்துக்களை உண்டாக்கி 1446இல் பிரகடனம் செய்தார். மெய்யெழுத்தின் வடிவம் வாய்க்குள் நாக்கும் உதடும் தொண்டையும் நிற்கிற நிலையைப் பார்த்து அமைத்தது. உயிரெழுத்து வானம், பூமி, மனிதன் என்று ஒரு புள்ளி, ஒரு படுக்கைக்கோடு, ஒரு நிற்கும் கோடு. சீன எழுத்துக்களைக் கற்க வாய்ப்பில்லாத ஜனங்கள் தாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லமுடியாமல் போகிறது என்பதுதான் அரசர் தந்த காரணம். 1444இலேயே சோ மான்-ரி என்ற அரசவைப் பண்டிதர் எதிர்த்து மனுக்கொடுத்தார்: தனக்கென்று தனி எழுத்து வைத்துக்கொள்வது மங்கோலியர், ஜப்பானியர் போன்ற காட்டுமிராண்டிகளின் வேலையாம். 1504இல் அரசனைத் திட்டி இந்த எழுத்தில் சுவரொட்டிகள் வந்ததும் அதற்குத் தடை விழுந்தது. அதன் பிறகு பெண்களும், கதை படிக்கிறவர்களும், கடிதம் எழுதுகிறவர்களும் அதைக் காப்பாற்றினார்கள். பெண்களின் எழுத்து என்று இளக்காரமாகப் பெயர். சர்க்கார் எழுத்தாக அது உயர்ந்தது 1894இல். நானூற்றைம்பது வருஷம் கழித்து.

ஜப்பானியர் 1910இல் நாட்டை விழுங்கினார்கள். 1938க்குப் பின் பள்ளியில் கொரிய மொழிக்கு இடம் போயிற்று. 1940இல் மனிதர்களின் பெயரையே ஜப்பானியமாக்கச் சொன்னார்கள். 1942இல் அகராதி தயாரித்துக்கொண்டிருந்த கொரிய மொழிக் கழகத்தார் கைதானார்கள். இருவர் சிறையிலேயே செத்தார்கள். பறிமுதலான அகராதிக் கையெழுத்துப் பிரதி 1945 செப்டம்பரில் சியோல் ரயில் நிலையக் கிடங்கொன்றில் அகப்பட்டது. முதல் தொகுதி 1947இல் வெளிவந்து 1957இல் ஆறு தொகுதிகளும் முடிந்தன. நம்முடைய தமிழ் லெக்சிகன் காலனி அரசின் ஆதரவோடு 1924இலிருந்து 1936வரை சாவகாசமாக அச்சேறியது. மொழிப்பற்று என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பதில் எனக்குக் கூச்சம் உண்டு.

இந்த எழுத்தின் கதை அகராதியோடு முடிந்துவிடவில்லை. 1953இல் தென்கொரியா ஒரு தொழிலாளர் சட்டத்தை இயற்றியது, நல்ல சட்டம். 1960களில் சியோலின் ப்யோங்ஹ்வா சந்தைத் தையற்கூடங்களில் பதிமூன்று, பதினான்கு வயதுப் பெண்கள் நிமிர்ந்து நிற்கமுடியாத பரண்களில் தினம் பதினான்கு மணிநேரம் வேலை செய்தார்கள். அங்கே துணி வெட்டுகிறவன் ஜோன் தே-இல். அப்படி ஒரு சட்டம் இருப்பதைத் தெரிந்துகொண்டு புத்தகத்தை வாங்கினான். அதில் சீன எழுத்துக்கள் நிறைந்திருந்தன. பள்ளிப் படிப்பைத் தொடரமுடியாதுபோன அவனால் தட்டித்தடுமாறித்தான் படிக்க முடிந்தது. விளக்கம் சொல்ல ஒரு கல்லூரி மாணவன் நண்பனாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கினான். ஆய்வாளர்களுக்கும் ஜனாதிபதி பார்க் சுங்-ஹீக்கும் மனு எழுதினான். பயனில்லை. 1970 நவம்பர் 13ஆம் தேதி, அந்தச் சட்டப் புத்தகத்தை எரிக்க ஏற்பாடான கூட்டத்தில், தன்மேல் தீ வைத்துக்கொண்டு, தொழிலாளர்கள் இயந்திரங்கள் அல்ல என்று கத்திக்கொண்டே ஓடினான். வயது இருபத்திரண்டு. 1446இல் ஜனங்களுக்காகச் செய்த எழுத்து ஐந்நூறு வருஷம் கழித்தும் சட்டத்தின் வாசல்வரை வந்து சேரவில்லை. அவன் தாயார் லீ சோ-சன் 2011இல் சாகும்வரை தொழிலாளர்களோடு தெருவில் நின்றார். 1988இல் வேலைநீக்கப்பட்ட பத்திரிகையாளர்கள் பொதுஜனங்களிடம் பங்குத்தொகை வாங்கி ஆரம்பித்த 'ஹங்கியோரே' தினசரி, முழுக்க ஹங்குலில் வந்தது. அதை ஸ்டைல் விவகாரமாகப் பார்க்கிறவர்களுக்கு ஜோன் தே-இலின் கையிலிருந்த புத்தகம் புரியாது.

நான் வேலை பார்ப்பது இளம்பிள்ளையில் ஒரு வங்கிக் கிளையில். கஞ்சமலை அடிவாரத்திலிருந்து ஊர்வரை தறிச் சத்தம். கூலிக்கு நெய்கிறவர்கள், முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், சொந்தத் தறி போடக் கடன் கேட்டு வருகிறவர்கள். கடன் பத்திரத்தின் ஷரத்துக்கள் ஆங்கிலத்தில். நான் பென்சிலால் குறிபோட்ட இடங்களில் அவர்கள் தமிழில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு நாள் ஒரு பெரியவர், "இதுல என்ன எளுதியிருக்குங்க சார்?" என்று கேட்டார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. "வட்டி, தவணை, அவ்வளவுதாங்க" என்றேன். அதைவிட அதிகமாகச் சொல்ல அந்த மேஜையில் இடமில்லை. உலகத்தின் மூத்த மொழி என்று சுவரில் எழுதிவைத்திருக்கும் ஊரில், ஒரு மனிதன் தன் வீட்டை அடமானம் வைக்கிற தாளைத் தன் மொழியில் படிக்கமுடியவில்லை. மொழியின் வயது கி.மு.வா கி.பி.யா என்ற விவாதம் இந்தத் தாளைத் தொடுவதேயில்லை.

இதே தெருக்களில் தார் சுற்றுகிற பெண்கள் கைபேசியில் தமிழ்க் குரல் கொடுத்த கொரியத் தொடர்களைப் பார்க்கிறார்கள். இதை நாகரிக மோகம் என்று ஒதுக்குவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாமியார், கடன், பணக்கார வீட்டுப் பையன், பெரியவர் முன்னால் குனிகிற தலை எல்லாம் அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத விஷயங்கள். இளவரசியைப் பற்றி எதுவும் தெரியாமலே அவர்கள் கொரியாவைச் சமகாலத்தில் சந்திக்கிறார்கள்.

சமகாலத்துக் கொரியா நமக்கு எட்டு மணிநேரத் தூரத்தில்கூட இல்லை. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் தன் முதல் காரை வெளியிட்டது 1998இல். அதே வருஷம் கோடையில், அதன் தாய்த் தொழிற்சாலை இருக்கும் உல்சானில் ஆட்குறைப்பை எதிர்த்து ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம். கடைசியில் வேலை போனவர்களில் பெரும் பகுதி தொழிலாளர்களுக்குச் சோறு சமைத்த பெண்கள். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு முப்பத்தேழு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் சங்கம் 2025 ஜனவரியில் பதிவாயிற்று. அந்த 2024 ஜூனில்தான் கொரியாவில் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் தன் சரித்திரத்தில் முதல் வேலைநிறுத்தத்தைக் கண்டிருந்தது. சங்கமே கூடாது என்ற பல்லாண்டுக் கொள்கைக்கு அதன் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2020இல். ஜோன் தே-இல் எரிந்து ஐம்பது வருஷம் ஆகியிருந்தது.

'அப்பா' என்ற சொல் இரண்டு மொழியிலும் இருப்பது இனிமையான விஷயம்தான், மறுக்கவில்லை. சுங்குவார்சத்திரத்துப் பந்தலில் உட்கார்ந்திருந்த பையன்களிடம் அந்த முப்பத்தேழு நாளில் யாராவது ஜோன் தே-இலின் கதையைத் தமிழில் சொல்லியிருந்தால், அதை நான் கொரியாவோடு நமக்குள்ள உறவு என்று ஒப்புக்கொள்வேன். அவன் வாழ்க்கையை ஜோ யோங்-ரே என்ற வழக்கறிஞர் தலைமறைவாக இருந்தபடி எழுதினார். 1983இல் ஆசிரியர் பெயர்கூடப் போடாமல்தான் அதை வெளியிட முடிந்தது. ஹல்பர்ட்டின் சொற்பட்டியலை நகலெடுக்கிற நேரத்தில் யாராவது அந்தப் புத்தகத்தைத் தமிழில் தருகிற வேலையை எடுத்துக்கொள்ளலாம். ஷரத்துக்களைத் தமிழில் அச்சடிக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுகிற வேலை என் மேஜையில் இருக்கிறது.