முன்பல்லுக்கு ஓர் ஆண்டு, கடைவாய்ப்பல்லுக்கு ஓர் ஆண்டு: கிருஷ்ணகிரி வட்டாரக் குழந்தைகளின் பல் கறையை வாசிப்பது குறித்து

ஏழு வயதில் பால்பல் விழுந்து முளைக்கும் புதுப்பல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறியோ, குறுக்கே பழுப்புக் கோடு ஓடியோ வந்தால், கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தாய் முதலில் சந்தேகிப்பது வீட்டில் இப்போது குடிக்கும் தண்ணீரைத்தான். பெண் பிள்ளை என்றால் கவலை கல்யாணப் பேச்சு வரைக்கும் நீளும். ஒசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடுகளில் அதே சந்தேகம் ஆலைகளின் பக்கம் திரும்புகிறது. ஆய்வுலகின் ஒரு போக்கும் இதிலிருந்து அதிகம் விலகியதில்லை. பள்ளியில் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பது, அதே ஊரின் குழாய் நீரில் புளோரைடை அளப்பது, இரண்டையும் ஒரே அட்டவணையில் இணைப்பது என்பதே அதன் வழக்கம். அந்த இணைப்பு காலத்தைத் தவறவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

புளோரைடு பல்லில் கறையாவது, அதன் மேலுறையான எனாமல் உருவாகும் காலத்தில்தான். அந்தக் காலம் பல்லுக்குப் பல் மாறும். மேல்வரிசை நடு முன்பற்களின் எனாமல் பிறந்த சில மாதங்களில் படியத் தொடங்கி, நான்கு, ஐந்து வயதுக்குள் முடிந்துவிடும். அந்தப் பல் வெளியே தெரிவது ஏழு, எட்டு வயதில். இரண்டாம் கடைவாய்ப்பல்லோ ஏழு, எட்டு வயது வரை உள்ளே உருவாகிக்கொண்டிருந்து, பன்னிரண்டு வயதை ஒட்டி முளைக்கிறது. ஆகவே பன்னிரண்டு வயதுக் குழந்தையின் வாயில் முன்பல் ஒரு காலத்தின் பதிவு, கடைவாய்ப்பல் இன்னொரு காலத்தின் பதிவு. இரண்டில் எதுவும் பரிசோதனை நாளின் தண்ணீரைக் காட்டாது.

சிக்கல் பல் கறையை அளக்கும் அளவுகோலிலேயே இருக்கிறது. எச். டிரெண்ட்லி டீன் 1934இல் வகுத்து 1942இல் திருத்திய ஆறு படி அளவுகோலைத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்பு முறையும் ஏற்றது. அதன்படி வாயில் மிகவும் பாதிக்கப்பட்ட இரண்டு பற்களே கணக்கு. அவை சமமாக இல்லாவிட்டால், அவற்றில் பாதிப்புக் குறைந்த பல்லின் படியே குழந்தையின் படியாகப் பதிவாகும். ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட இந்த எளிமை உதவியது. தண்ணீர் மாறாத ஊரில் இதனால் பெரிய நட்டமும் இல்லை. தண்ணீர் நடுவில் மாறிய ஊரில் நிலைமை வேறு. எந்த இரண்டு பற்கள் என்ற செய்தி அழிந்துபோகிறது, அதோடு ஆண்டும் அழிகிறது.

இங்கே தண்ணீர் மாறியது. ஜப்பானின் ஜைகா நிறுவனத்தின் கடனுதவியுடன் கட்டப்பட்ட ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013 மே 29 அன்று தொடங்கிவைக்கப்பட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்தது. அதுவரை குடிக்கவும் சமைக்கவும் பெரும்பாலான கிராமங்கள் நம்பியிருந்தவை கருங்கல்லைத் துளைத்த ஆழ்குழாய்க் கிணறுகள். பைகார்பனேட்டு மிகுந்து சுண்ணாம்புச் சத்துக் குறைந்த நிலத்தடி நீர், பாறையின் கனிமங்களிலிருந்து புளோரைடைக் கரைத்தெடுக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், மாற்று நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

2009இல் பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்வோம். காவிரி நீர் வந்தபோது அதற்கு ஏறத்தாழ நான்கு வயது. முன்பல்லின் எனாமல் பெரும்பாலும் முடிந்திருந்தது, இரண்டாம் கடைவாய்ப்பல் இன்னும் உருவாகிக்கொண்டிருந்தது. 2021இல், அதன் பன்னிரண்டாம் வயதில், முன்பல் கறையை மட்டும் பார்ப்பவர் திட்டம் தோற்றது என்று எழுதிவிடக்கூடும். கடைவாய்ப்பல்லையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு வேறு கதை கிடைக்கும். ஒரே அளவு புளோரைடு ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் போனால், பிந்தி உருவாகும் பின்பற்களே பொதுவாக அதிகம் பாதிக்கப்படும். முன்பல் மோசமாகவும் இரண்டாம் கடைவாய்ப்பல் தெளிவாகவும் இருப்பது அந்த இயல்புக்கு நேர் எதிரானது. ஆகவே குழந்தையின் தண்ணீர் நடுவில் மாறியது என்பதற்கு அது வலுவான சான்று.

இந்த வாசிப்புக்கு ஓர் எச்சரிக்கை தேவை. பழுப்பு நிறம் பல் முளைத்த பிறகு, நுண்துளை விட்ட எனாமலில் சாயம் ஏறுவதால் வருவது. நேற்று முளைத்த கடைவாய்ப்பல்லில் அது இன்னும் ஏறியிருக்காது. எனவே ஒப்பிட வேண்டியது சுண்ணாம்பு வெளிறலை. பழுப்பை ஒப்பிட்டால் இந்த முறையும் ஏமாற்றிவிடும்.

ஒசூரில் பல் காட்டும் தண்ணீருக்கும் இன்றைய தண்ணீருக்குமான வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. தருமபுரிக் கிராமங்களிலிருந்தும், எல்லைக்கு அப்பால் கோலார், பாவகடா போன்ற புளோரைடு வட்டாரங்களிலிருந்தும், வட மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகள் பிறந்த ஊரைப் பல்லில் சுமந்து வருகிறார்கள். அந்தக் கறையை ஒசூர்த் தண்ணீரின் கணக்கில் எழுதுவது தவறு. ஒசூர்த் தண்ணீரில் குறையே இல்லை என்பது இதன் பொருளாகாது. குடிக்கக் கேன் தண்ணீரும் களி கிண்ட ஆழ்குழாய் நீருமாக இருக்கும் வீட்டில், குழந்தைக்குப் புளோரைடு சோற்றுப் பானை வழியாகப் போகும். காய்ச்சினால் அது நீங்காது, தண்ணீர் வற்ற வற்றச் செறியும்.

தண்ணீர் அல்ல, பற்பசைதான் காரணம் என்ற மறுப்பு, பற்பசையே தொடாத தலைமுறைகளின் கறையை விளக்காது. சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட் என்ற ஆய்வாளரும் உடன் ஆய்வாளர்களும் புளோரோசிஸ் என்னும் இந்நோயைப் பதிவுசெய்தது 1937இல். பரம்பரை என்ற மறுப்பும் நிற்காது. ஒரே கிணற்றில் குடித்தவர்களுக்கு ஒரே கறை வர ரத்த உறவு தேவையில்லை. கனமான மறுப்பு ஒன்று உண்டு: தாய்ப்பாலில் புளோரைடு மிகக் குறைவு, ஆகவே முதல் மாதங்களைக் கணக்கில் சேர்க்கலாகாது என்பது. அது சரியே. இணை உணவு தொடங்கும் ஆறாம் மாதத்திலிருந்து எண்ணினால் போதும்.

புளோரைடு என்றதும் பெற்றோர் பதறும் இன்னொன்று கால். மூன்று, நான்கு வயதில் முழங்கால்கள் உள்நோக்கி ஒட்டுவது பெரும்பாலும் வளர்ச்சியின் இயல்பு. ஏழு வயதுக்குள் தானே நிமிரும். ஒரு கால் மட்டும் வளைந்தாலோ, வலித்தாலோ, வயது ஏற ஏற மோசமானாலோ மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். புளோரைடு மிகுந்த நல்கொண்டா வட்டாரத்து இளையோரின் முழங்கால் ஒட்டிய கால்களை ஐதராபாத் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் 1973இல் விவரித்தது நினைவில் இருக்கட்டும்.

மூத்த பிள்ளையின் முன்பல்லுக்கான காலம் கடந்துவிட்டது. அதே வீட்டில் கூழ் குடிக்கத் தொடங்கியிருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ இன்னும் கடக்கவில்லை. தாயின் கவலை அந்தச் சிறு குழந்தையின் கிண்ணத்தை நோக்கித் திரும்ப வேண்டும். அந்த வீட்டின் சமையல் தண்ணீரை இந்த மாதமே சோதிக்க வேண்டும். பள்ளிப் பரிசோதனைப் படிவத்தில் மூன்று கேள்விகளைச் சேர்க்க வேண்டும்: பிறந்த ஊர் எது, எட்டு வயது வரை குடித்ததும் சமைத்ததும் எந்தத் தண்ணீர், கறை எந்தெந்தப் பற்களில். காவிரி நீர் வந்தபின் பிறந்த முதல் குழந்தைகள் 2025இல் பன்னிரண்டு வயதை எட்டினார்கள். திட்டத்தைப் பற்றிய தீர்ப்பை அவர்களின் பற்களைப் பார்த்தே எழுத வேண்டும்.