மத்தவிலாசமும் குணபரனும்

திருநாவுக்கரசு சுவாமிகள் காலத்துத் தொண்டைநாடு ஆண்ட பல்லவ மன்னனைச் சைவவுலகம் நன்கறிவது பெரிய புராணத்தின் வாயிலாகவேயாம். சமணர் சொற்கேட்டு அரசரை நீற்றறையிலிட்டும், நஞ்சூட்டியும், யானையை ஏவியும், கல்லொடு பிணித்துக் கடலிற் பாய்ச்சியும் துன்புறுத்தியவன் அவன். பின்னர்த் தன் பிழையுணர்ந்து சிவநெறி சார்ந்து, பாடலிபுத்திரத்துச் சமணப்பள்ளிகளை இடித்துக் கொணர்ந்து திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுப்பித்தவனும் அவனே. சேக்கிழார் பெருமான் அவன் இயற்பெயரைக் கூறிற்றிலர். ஆயினும் குணபரன் என்னும் பெயர் திருச்சிராப்பள்ளி மலைக்குகைக் கல்வெட்டிலும் வருதலின், அவன் சிம்மவிஷ்ணுவின் மகனாகிய முதலாம் மகேந்திரவர்மனே என வரலாற்று நூலார் துணிந்தனர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம் அவன் ஆட்சிக்காலம்.

அம்மன்னன் நாடக நூலாசிரியனுமாவன். அவன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசம் என்னும் பிரகசனம், அஃதாவது நகைச்சுவை பற்றிய ஓரங்க நாடகம், 1917இல் த. கணபதி சாஸ்திரியாரால் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் அச்சிடப்பெற்றது. நாடகத்தின் முன்னுரைக்கண் சூத்திரதாரனே ஆசிரியன் பெயரையும் குலத்தையும் எடுத்தோதுகின்றான். சிதைந்த மாமண்டூர்க் கல்வெட்டிலும் இந்நூற்பெயர் உளது. ஆகலின் ஆசிரியன் யாவனென்பதில் ஐயமில்லை.

கதை நிகழுமிடம் காஞ்சி மாநகர். ஏகாம்பரத்தைச் சார்ந்து வாழும் சத்தியசோமன் என்னும் காபாலிகன், தேவசோமை என்னும் துணைவியோடு கள்ளுண்டு தெருவில் தடுமாறி வருகின்றான். அவன் கையிலிருந்த கபாலத்தைக் காணோம். அதனுள் வாட்டிய இறைச்சி இருந்தமையின் எடுத்தது நாயாதல் வேண்டும், அன்றேல் புத்த பிக்குவாதல் வேண்டும் என்று அவன் துணிகின்றான். அவ்வழியே நாகசேனன் என்னும் பிக்கு, வணிகன் ஒருவன் இட்ட நல்லுணவைப் பாத்திரத்தில் மறைத்துக்கொண்டு வருகின்றான். ஊணும் உடையும் உறையுளும் இத்துணை இனியனவாக அருளிய புத்தர் பெண்ணையும் கள்ளையும் மட்டும் விலக்கியிரார், முதுபிக்குகள் மூலநூலில் அவ்விடங்களை அழித்துவிட்டனர் போலும் என்பது அவன் கவலை. இருவர்க்கும் பூசல் விளைகின்றது. பப்புருகல்பன் என்னும் பாசுபதன் நடுவனாய் வருகின்றான். பிக்குவின்மேல் அவனுக்கு உட்பகை உண்டாதலின் அவன் நடுவுநிலையும் ஐயத்திற்குரியதே. வழக்கு மன்றத்திற்குச் செல்லலாமென்றவழி, பல விகாரங்களின் பொருளால் அதிகாரிகளின் வாயை நிறைக்க வல்லவன் பிக்கு, நமக்கோ கைப்பொருளில்லை என்கின்றாள் தேவசோமை. தன் ஆட்சியிலுள்ள நீதிமன்றத்தைத் தானே இங்ஙனம் எள்ளிய அரசர் வேறு எவருளர்? முடிவிற் பித்தன் ஒருவன், நாயின் வாயினின்றும் தான் பெற்ற கபாலத்தோடு வந்து சேர, பூசல் ஓய்கின்றது.

இதனைப் படிக்கும் சைவர்க்கு உள்ளம் நோதல் இயல்பு. அரன் பெயர் சொல்லிக் கள்ளுண்பானும், நடுவுநிலை பிறழ்ந்த பாசுபதனும் நகைப்பொருளாயினர். ஆகவே இஃது அவன் அமண் சார்ந்திருந்த காலத்துச் சைவத்தை இகழ்ந்து செய்த நூலென ஒதுக்குதல் எளிது. அற்றேல், சமணர் இதன்கண் பெற்ற சிறப்பு யாது? நாடகத்துட் சமண வேடத்தார் எவரும் தோன்றவில்லையாயினும், காபாலிகன் அவர்தம் கொள்கையை விடவில்லை. காரணத்தை ஒத்ததே காரியம் என்பார், துன்பத்தினின்றும் இன்பம் பிறக்குமென்றல் எவ்வாறு கூடும் என வினவுகின்றான். மயிர் பறித்தலையும் அழுக்குடம்பையும் பழித்து, அவர்களைப் பற்றிப் பேசிய நாவைக் கள்ளாற் கழுவ விழைகின்றான். களிமகன் கூற்றே ஆயினும், வினா தருக்க நூலார் வினாவாகும். அமண் சார்ந்த அரசன் தன் ஆசிரியர்மேல் இங்ஙனம் எழுதினான் என்றல் பொருந்துமாறில்லை.

நாந்திச் செய்யுளோ இன்னும் தெளிவானது. மூவுலகின் இயக்கமே கூத்தாக, அக்கூத்தை நிகழ்த்துவானும் அதனைக் காண்பானும் தானேயாகிய கபாலியை அது வாழ்த்துகின்றது. அவனிபாஜனன் என்னும் தன் விருதுப்பெயரையும் அரசன் அதனுள் அமைத்திருக்கின்றான். இறைவனை இங்ஙனம் வாழ்த்தித் தொடங்கியவன் நகைத்தது வேடத்தையன்றித் தெய்வத்தையன்று. பிற்காலச் சித்தாந்த ஆசிரியர் பாசுபதத்தையும் காபாலத்தையும் அகப்புறச் சமயங்களுள் வைத்தெண்ணினர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆயினும் காஞ்சித் தெருவில் அரசன் கண்ட காட்சியே அக்காலத்து முழுக்காட்சியன்று. நான்காந் திருமுறைத் திருவாரூர்ப் பதிகமொன்றில் அப்பர் சுவாமிகளும் தெருவிற் பாசுபதரையும் கபாலிகளையும் காண்கின்றார். அவர்க்கோ அவர்கள் அத்தெருவிற்குப் பொலிவு தருவோர். அந்தணரோடும் சைவரோடும் ஒருங்கு எண்ணப்படுவோர். ஒரே தலைமுறையில் வாழ்ந்த இருவர் கண்களுக்கு ஒரே வேடத்தார் இருவேறு வகையிற் புலப்பட்டமை வியத்தற்குரியது. வேடத்தைப் போற்றியவர் சமணத்துட் புக்கு மீண்ட அடியவர். நகைத்தவன் அரண்மனையிலிருந்து நோக்கிய அரசன்.

எஞ்சி நிற்பது மதமாற்றம் பற்றிய வினா. சிராப்பள்ளிக் கல்வெட்டை ஹுல்ஷ் என்பார் 1890இல் வெளியிட்டார். குணபரன் என்னும் அரசன் இலிங்கத்தை வழிபடுவோன் என்றும், விபக்ஷ ஒழுக்கத்தினின்றும் மீண்ட அறிவு இவ்விலிங்கத்தால் உலகிற் பரவுக என்றும் அது கூறும். பிற்கால ஆராய்ச்சியாளருட் சிலர், இலிங்கம் என்பது தருக்கத்தில் ஏதுவிற்குப் பெயர், விபக்ஷமும் அளவை நூற் சொல்லே, ஆதலின் இது சொல் விளையாட்டன்றி மதமாற்றச் சான்றன்று என்பர். சிலேடை நயம் உண்மையே. ஆனால் இருபொருளும் தனித்தனி நின்று பொருந்தினாலன்றிச் சிலேடை சிலேடையாகாது. அளவைப் பொருள் ஒன்றே கொண்டு மற்றதை மறுத்தல் செய்யுள் நெறி அறிந்தார் செயலன்று. மத்தவிலாசம் அம்மாற்றத்தின் முன்னோ பின்னோ எழுந்ததென நாட்டுதற்கு நூலினுள்ளே சான்றில்லை. பின்னெழுந்ததாதல் பெரிதும் இயையும் என்பதற்கு மேற்காட்டிய சமண நிந்தையே போதும்.

தமிழகம் இந்நாடகத்தை மறந்த பின்னரும் மலையாள நாடு மறக்கவில்லை. அங்குச் சாக்கியர் குடியினர் இதனைக் கூத்தாக வைத்துக் காத்தனர். சிவன் கோயில்களில் அன்பர் நேர்ந்துகொண்ட வழிபாடாகக் கபாலி வேடம் பூண்டு அவர்கள் ஆடுவர்.