மனாராவும் மிராசும்: தஞ்சை மண்ணில் கலந்த சொற்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடுகிறது. ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் எனக் காவிரிப் படுகையெங்கும் வாழும் நம் குடும்பங்களுக்குத் தஞ்சாவூர் தொலைவான ஊர் அன்று. துணி எடுக்கவும் மருத்துவம் பார்க்கவும் அடிக்கடி சென்று வருகிறோம். ஆயினும் பெரிய கோயிலையும் அரண்மனையையும் பேருந்துச் சன்னல் வழியே பார்த்ததோடு நிறுத்திக்கொண்டவர்களே நம்மில் மிகுதி. "அங்கே நமக்கென்ன இருக்கிறது?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அதைக் கேட்டே பிள்ளைகள் வளர்கிறார்கள். நம்மை இந்த மண்ணுக்கு அந்நியராகக் காட்ட விரும்புவோரும் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் வேறு குரலில் கேட்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

திருக்குர்ஆன் பல இடங்களில், பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் நிலையைக் கவனிக்குமாறு மனிதனை ஏவுகிறது. கவனிப்பது வேறு, வழிபடுவது வேறு. இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். ஆகவே அச்சமின்றி அவர்களை அழைத்துச் செல்லலாம். ஆனால் அழைத்துச் செல்பவருக்குச் சொல்வதற்கு ஏதேனும் தெரிந்திருக்க வேண்டும்.

கடற்கரையிலிருந்து தொடங்குவோம். மல்லிப்பட்டினத்தை அடுத்த சரபேந்திரராஜன்பட்டினத்தில் அறுகோண வடிவில், எட்டு அடுக்குகளுடன், சுமார் 75 அடி உயரத்தில் ஒரு கோபுரம் நிற்கிறது. மனோரா என்பது அதன் பெயர். பெருநாள் மாலைகளில் நம் பிள்ளைகள் ஓடியாடும் இடம் அது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி அதை எழுப்பினார். பிரான்சின் நெப்போலியன் வீழ்ந்ததையும் ஆங்கிலேயர் வென்றதையும் கொண்டாடும் நினைவுச் சின்னம் அது. வாட்டர்லூப் போரின் வெற்றிக்காகக் கட்டப்பட்டது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். கோபுரத்திலுள்ள கல்வெட்டு 1814 என்ற ஆண்டையே கூறுகிறது. வாட்டர்லூ நடந்ததோ 1815 ஜூனில். எனவே நெப்போலியன் முதன்முறை முடிதுறந்து எல்பா தீவுக்குச் சென்ற நிகழ்ச்சியையே இந்தக் கல் குறிக்கிறது எனக் கொள்வதே பொருத்தம்.

யாருடைய வெற்றிக்கு யார் கோபுரம் கட்டினார் என்று நினைத்தால் வருத்தமே மேலிடுகிறது. 1799-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு, ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பெற்றுக்கொண்டு, கோட்டைக்குள் வாழ்ந்தவர் சரபோஜி. திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீரமரணம் எய்தியதும் அதே 1799-இல்தான். நாடில்லாத மன்னர், தன் நாட்டை எடுத்துக்கொண்டவர்களின் வெற்றியைக் கல்லில் எழுதி வைத்தார். இருப்பினும் அவரை அந்த ஒரு கோபுரத்தால் மட்டும் அளப்பது நியாயமாகாது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இப்போது பெயரைக் கவனியுங்கள். மத்ரஸாவில் முதலாண்டு அரபு இலக்கணம் படிக்கும் மாணவனுக்கும் "நூர்" என்றால் ஒளி, "நார்" என்றால் நெருப்பு என்று தெரியும். அதே வேரிலிருந்து பிறந்த சொல் "மனாரா", அதாவது ஒளி ஏற்றி வைக்கும் இடம். பள்ளிவாசலின் கோபுரத்தை நாம் மனாரா என்கிறோம். இந்தச் சொல் மராட்டி மொழியில் "மனோரா" ஆகி, உயர்ந்த கோபுரத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. சரபோஜியின் கோபுரம் கலங்கரை விளக்காகவும் பயன்பட்டது என்பதால், அரபியர் வைத்த பொருள் தஞ்சைக் கடற்கரையில் மாறாமலே இருந்தது எனலாம்.

மராட்டியர் நாவில் இச்சொல் ஏறியது எப்படி? அவர்கள் தஞ்சைக்கு வந்த வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1673-இல் மதுரை நாயக்கர் தஞ்சை நாயக்கரை வென்று நாட்டைப் பிடித்தார். தஞ்சை நாயக்கரின் வாரிசுக்கு உதவி கோரப்பட்டபோது பீஜப்பூரின் அடில்ஷாஹி சுல்தான் தன் படைத்தலைவரை அனுப்பினார். அவர்தாம் சிவாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரர் வெங்கோஜி. வந்த வேலையை முடித்தபின் 1676 வாக்கில் அவரே அரியணையில் அமர்ந்துகொண்டார். தஞ்சை மராட்டிய அரசு ஒரு சுல்தானின் படையாக இந்த ஊருக்குள் நுழைந்தது என்பதைச் சுற்றுலா வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

வெங்கோஜியின் பாட்டனார் மாலோஜிக்கு நெடுங்காலம் குழந்தை இல்லை. அகமதுநகரில் ஷா ஷரீஃப் என்ற இறைநேசரின் துஆவுக்குப் பின் பிறந்த இரு ஆண்மக்களுக்கும் நன்றிக்கடனாக அவருடைய பெயரையே பிரித்து ஷாஹ்ஜி, ஷரீஃப்ஜி என்று சூட்டினார் என மராட்டிய மரபு கூறுகிறது. அந்த ஷரீஃப்ஜி என்ற பெயரே குடும்பத்தில் தொடர்ந்து வந்து, தமிழ் நாவில் சரபோஜி ஆனது. கல்லூரிக்கும் சந்தைக்கும் தஞ்சையில் சூட்டப்பட்டிருக்கும் அப்பெயருக்குள் "ஷரீஃப்" என்ற அரபுச் சொல் உறங்குகிறது. நம் தெருவில் எத்தனை ஷரீஃப்கள் இருக்கிறார்கள்!

அரண்மனைக்குள் சென்றால் சரஸ்வதி மகால் நூலகத்தைப் பாருங்கள். நாயக்கர் காலத்தில் தொடங்கிய சுவடிச் சேர்க்கையைப் பெருநூலகமாக வளர்த்தவர் சரபோஜியே. 1918-இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வடமொழி, தமிழ், மராட்டி, தெலுங்குச் சுவடிகள் பல்லாயிரம் இருக்கும் அந்த இடத்தில், இருபதுக்குச் சற்று மேற்பட்ட பாரசீக, உருதுச் சுவடிகளும் இருக்கின்றன. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் சரபோஜியின் தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், ஆங்கில மருத்துவம் ஆகியவற்றோடு யூனானியும் ஆராயப்பட்டது என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கோபுரம் கட்டியதற்காக நாம் அவரை நொந்துகொண்டால், நூல் சேர்த்ததற்காக நன்றியும் சொல்ல வேண்டும்.

1010-இல் முதலாம் இராஜராஜன் நிறைவு செய்த பெரிய கோயிலைப் பற்றி அறியாதவர் இல்லை. 1987-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அக்கோயிலின் சுவர்கள் ஒரு நாட்டின் கணக்குப் புத்தகம் போன்றவை. யார் எதைக் கொடுத்தார், எவ்வளவு எடை, எத்தனை முத்து என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். அந்தக் கல்வெட்டுகளில் "சோனக" என்ற சொல்லும் வருகிறது. யவனர் என்பதன் தமிழ் வடிவமான சோனகர், பிற்காலத்தில் அரபியரையும் அவர்வழித் தமிழ் முஸ்லிம்களையும் குறித்த பெயர். காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் இன்றும் வழக்கில் உள்ளது. அதே கோயிலின் சுற்றுச்சுவரில் சரபோஜி 1803-இல் தன் குல வரலாற்றை மராட்டியில் நீளமாகப் பொறித்தார். சோழன் கட்டிய சுவரில் மராட்டியன் எழுதினான் என்பதற்காக யாரும் அந்தச் சுவரை இடிக்கவில்லை.

தஞ்சையிலிருந்து கிழக்கே நாகூர். ஷாஹுல் ஹமீது பாதுஷா நாயகம் அவர்கள் அடங்கியிருக்கும் தர்காவில் ஐந்து மனாராக்கள் உள்ளன. ஜியாரத், கந்தூரி பற்றி நம்மிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை இக்கட்டுரை தொடவில்லை. வரலாற்றை மட்டும் பேசுகிறேன். ஐந்தினுள் மிக உயர்ந்ததான பெரிய மனாரா 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் 1739 முதல் 1763 வரை ஆண்ட தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அவருடைய பேரன் முறையினரான சரபோஜி அரை நூற்றாண்டுக்குப் பின் எழுப்பிய கோபுரத்துக்கு மனோரா என்றே பெயர் விளங்கியதில் வியப்பென்ன? நாகூரின் நினைவு கடல் கடந்தும் சென்றது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828-1830 ஆண்டுகளில் நம் தமிழ் வணிகர்கள் கட்டிய நாகூர் தர்கா இன்று அந்நாட்டின் தேசிய நினைவுச் சின்னம்.

இவ்வளவு கேட்ட பிள்ளை, "அப்படியானால் எல்லாரும் எப்போதும் அன்பாகவே இருந்தார்களா?" என்று கேட்டால், "இல்லை" என்றே சொல்ல வேண்டும். இந்த இடத்தில்தான் நம் எழுத்தாளர்கள் பலர் மௌனமாகிவிடுகிறார்கள். அந்த மௌனம் எனக்கு உடன்பாடன்று.

பிரதாப் சிங்கின் மகன் துளஜாஜி ஆண்ட காலத்தில், 1773-இல், ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, கம்பெனிப் படையின் துணையுடன் தஞ்சையைக் கைப்பற்றி மன்னரைச் சிறைப்படுத்தினார். திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலோடு சேர்த்து நாம் பெருமையுடன் நினைக்கும் அதே வாலாஜாதான். மதத்திற்காக நடந்த போர் அன்று அது. ஆங்கிலேயர் பலரிடம் நவாப் வட்டிக்குக் கடன் வாங்கிக் குவித்திருந்தார். பால் பென்ஃபீல்டு என்பவர், தனக்கு வரவேண்டிய கடனுக்குத் தஞ்சையின் வருவாயே ஈடு என்று உரிமை கோரும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. காவிரிக்கரை உழவன் விளைவித்த நெல், அவன் கண்ணால் கண்டிராத ஒருவரின் வட்டிக் கணக்கில் வரவாயிற்று. வட்டியின் தீமைக்கு மாணவர்களிடம் உதாரணம் சொல்ல நேரும்போது நான் இந்த நிகழ்வையே சொல்வது வழக்கம். 1776-இல் சென்னை ஆளுநர் பிகட் பிரபு துளஜாஜியை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். அதே ஆண்டு அவரைச் சொந்தச் சபையினரே சிறைபிடித்தார்கள். 1777-இல் காவலிலேயே இறந்தார்.

ஐந்தாண்டுகள் கழித்து 1781-இல் ஹைதர் அலியின் படை படுகைக்குள் புகுந்தது. அவருடைய பகை கம்பெனியோடுதான். எனினும் அடி விழுந்தது உழவன்மேல். ஊர்கள் சூறையாடப்பட்டன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, பாசன வழிகள் சிதைந்தன, மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள், பஞ்சம் வந்தது. "ஹைதர் கலாபம்" என்ற பெயரில் தஞ்சை மக்களின் நினைவில் அது நெடுங்காலம் நின்றது. ஆங்கிலேயரை நடுங்க வைத்த வீரர் என்று ஹைதரைப் போற்றுகிறோம், போற்றலாம். ஆனால் அவர் பெயர் முஸ்லிம் பெயர் என்பதற்காக ஒரு குடியானவனின் மாட்டை மறந்துவிட நமக்கு உரிமையில்லை. நீதிக்குச் சாட்சி சொல்லும்போது நமக்கே எதிராகச் சொல்ல நேர்ந்தாலும் சொல்ல வேண்டும் என்பது நம் மார்க்கத்தின் கட்டளை.

இந்தத் துயரங்களுக்குத் தஞ்சையில் நினைவுச் சின்னம் எதையும் நான் கண்டதில்லை. ஆனால் அக்காலத்து ஆட்சிகள் விட்டுச் சென்ற வேறொன்று ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது. அதைக் காண நுழைவுச் சீட்டு வேண்டாம். தாலுகா அலுவலகம் வரை சென்றால் போதும்.

வசூல், பாக்கி, மகசூல், வாரிசு, ரத்து, நகல், ஆஜர் ஆகிய எல்லாம் அரபு வேர் கொண்டவை. ஓதும் பிள்ளை "ஹாளிர்" என்று சொல்வதைத்தான் நீதிமன்றச் சேவகர் "ஆஜர்" என்று கூவுகிறார். தஞ்சைக்கே உரிய "மிராசுதார்" இருக்கிறாரே, அவரும் அப்படித்தான். சோழர் காலந்தொட்டு "காணியாட்சி" எனப்பட்ட நிலவுரிமை, பிற்கால ஆவணங்களில் "மிராசு" ஆயிற்று. அரபியில் "மீராஸ்" என்றால் வாரிசுச் சொத்து. இதில் ஒரு முரண் உண்டு. நம் பாடத்தில் மீராஸ் என்பது சொத்தை மகனுக்கும் மகளுக்கும் தாய்க்கும் மனைவிக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் கலை. காவிரிப் படுகையிலோ அது ஒரு கையில் குவிந்த நஞ்சையின் பெயராகிவிட்டது. நகை போட்டுவிட்டோம் என்று காரணம் காட்டி மகளின் நிலப்பங்கை மறுக்கும் வீடுகள் நம் ஜமாஅத்துகளிலும் இருப்பதால், மிராசுதாரை மட்டும் பழிப்பதற்கில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது "பசலி". அரபியில் "ஃபஸ்ல்" என்றால் பருவம். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாள். சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. பிறைக் கணக்கில் நிலவரி வாங்கினால், 32 முறை அறுவடை செய்தவன் 33 முறை வரி கட்ட நேரும். நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் பிறை, வயலுக்குச் சூரியன் என்று முகலாயர் இதைத் தீர்த்தார்கள். தக்காணத்தில் ஷாஜஹான் காலத்தில், ஹிஜ்ரி 1046-இல், அதாவது 1636-இல், ஹிஜ்ரி எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு அதன்பின் சூரிய ஆண்டாக எண்ணத் தொடங்கினார்கள். தமிழகத்தில் இப்போது அது ஜூலை 1-இல் பிறக்கிறது. மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்து சேரும் காலம். 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. அவ்வேளை ஹிஜ்ரி 1447.

வீட்டில் நிலவரி ரசீதோ அடங்கல் நகலோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் பசலி எண் இருக்கும். பிள்ளையை அருகில் அழைத்து, அத்துடன் 590-ஐக் கூட்டச் சொல்லுங்கள். ஆங்கில ஆண்டு வரும். பிறகு அதே பருவத்து ஹிஜ்ரி எண்ணிலிருந்து பசலியைக் கழிக்கச் சொல்லுங்கள். எஞ்சும் பன்னிரண்டு ஆண்டுகள் எங்கே போயின என்று பிள்ளை கேட்கும்.