கிராபிக்ஸ் கார்டு மாற்றப் போறீங்களா? லேமிங்டன் ரோடு போகும் முன் வீட்டில் பார்க்க வேண்டியவை

பழைய கேமிங் கம்ப்யூட்டர்களில் இன்னும் பரவலாக இருக்கும் கார்டு, 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1060. அந்தத் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். அதனால் கார்டு நாளைக்கே நின்றுவிடாது. அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

தாராவி, மாட்டுங்காவில் இருப்பவர்கள் மாஹிம் அல்லது மாட்டுங்கா ரோடில் ஸ்லோ டிரெயின் பிடித்தால் நேராக கிராண்ட் ரோடு. செம்பூர்க்காரர்கள் குர்லா, தாதரில் மாற வேண்டும். இறங்கினால் பக்கத்திலேயே லேமிங்டன் ரோடு கம்ப்யூட்டர் சந்தை. கிளம்பும் முன் கீழே உள்ளவற்றைப் பார்த்துவிடுங்கள்.

பிரச்சினை கார்டுதானா?

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, வழக்கமாக ஆடும் கேமை ஓடவிடுங்கள். கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், திணறுவது கார்டு. 60 சதவீதத்தில் இருந்தும் கேம் தடுமாறுகிறதா? அப்போ குறை பெரும்பாலும் பிராசசரிலோ ரேமிலோ இருக்கும். புது கார்டு போட்டாலும் பெரிய மாற்றம் தெரியாது.

மானிட்டர் என்ன?

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் நொடிக்கு 60 காட்சிகளுக்கு மேல் தெரியாது. 1080பி மானிட்டருக்கு ஆர்டிஎக்ஸ் 5060 போன்ற நடுத்தர கார்டே தாராளம். ஆனால் கார்டின் சொந்த நினைவகமான விரேமைக் கவனியுங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகையாக விற்கப்படுகின்றன. நாலைந்து வருடம் ஓட்ட நினைத்தால் 16 ஜிபி நல்லது. பெட்டியில் எண்ணைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் தாங்குமா?

மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட் மட்டுமே. 8 பின் ஒயர் ஒன்று கூடுதலாக 150 வாட் தரும். ஆர்டிஎக்ஸ் 5060 எடுப்பது 145 வாட். அதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்கிறது என்விடியா. கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால், அதை மாற்றும் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள். கேபினட்டின் உள் நீளத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

கரண்ட் பில்? தினம் 4 மணி நேரம் ஆடினால் இந்தக் கார்டுக்கு மட்டும் மாதம் சுமார் 17 யூனிட்.

மதர்போர்டு பழசா?

ஆர்டிஎக்ஸ் 5060 எட்டு பாதைகளில் மட்டுமே தரவை அனுப்பும். பிசிஐஇ 3.0 உள்ள பழைய போர்டில், விரேம் நிரம்பும்போது வேகம் குறையும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டிக்குப் பதினாறு பாதைகள். இன்டெல் ஆர்க் பி580-ல் 12 ஜிபி இருக்கிறது. ஆனால் பயாஸில் 'ரீசைசபிள் பார்' வசதி இல்லாவிட்டால் அது முழு வேகத்தில் ஓடாது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், சோதித்த பிறகு. 2022 செப்டம்பர் 15-ல் எத்தேரியம் தன் முறையை மாற்றியதும், அதுவரை இரவு பகலாக மைனிங்கில் ஓடிய கார்டுகள் விற்பனைக்கு வந்தன. கண் முன்னால் அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபேன் சத்தம், வெப்பநிலை, ஸ்க்ரூவில் துரு எல்லாம் பாருங்கள். நம்ம ஊர் கடல்காற்று சும்மா விடாது. ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால், பெயர் மாற்றி விற்கப்படும் பல போலி என்விடியா கார்டுகள் மாட்டிக்கொள்ளும்.

புதியது என்றால் ஜிஎஸ்டி பில் கட்டாயம். "பில் இல்லாமல் 18 சதவீதம் மிச்சம்" என்று யாராவது சொன்னால், வாரன்டிக்கு நாளை எந்தக் காகிதத்தைக் காட்டுவது என்று கேளுங்கள். பதில் சரியாக வரவில்லை என்றால் அடுத்த கடைக்கு நடங்கள். அந்தத் தெருவில் கடைக்குப் பஞ்சமில்லை.