சோகியும் கணினியும்

சித்திரை வருடப்பிறப்பு வந்தால் எங்கள் வீட்டில் ஒரு சச்சரவும் கூடவே வரும். வாக்கிய பஞ்சாங்கத்தின் நேரமா, திருக்கணித பஞ்சாங்கத்தின் நேரமா? முகத்துவாரத்தில் வளர்ந்த எம்மில் பலருக்கு இது பழகிய கதை. இன்றைய கணினி விஞ்ஞானத்தின் அடிப்படைகள் சில இதற்குள் இருப்பதை வைத்தியரான பின்னரே அறிந்தேன்.

வாக்கிய முறையில் சந்திரனுக்கு 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று. அத்தனை நாட்களில் சந்திரனின் வேகம் ஏறி இறங்கும் சுற்று ஏறத்தாழ ஒன்பது முறை நிறைவுறும். 'கடபயாதி' முறைப்படி ஒவ்வோர் எழுத்தும் ஓர் இலக்கம். முதல் வாக்கியத்தை அவிழ்த்தால் 12 பாகை 3 கலை வரும். கடினமான கணக்கை ஒரு தடவை செய்து அட்டவணையாக்கி, வேண்டியபோது எடுத்துக்கொள்வது. எண்ணை மனதில் நிற்கும் சொல்லாக மாற்றுவது. கணினிக்கு நிரல் எழுதுவோர் இன்றும் இவ்வாறே செய்கிறார்கள்.

1825 இல் ஜோன் வாரன் என்பவர் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' என்ற நூலில் ஒரு செய்தி உண்டு. புதுச்சேரியில் வசித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், நிலத்தில் சோகிகளை அடுக்கி, அட்டவணைகளை நினைவிலிருந்தே சொல்லி, அவ்வாண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை. அவருக்கு வானியற் கோட்பாடு எதுவும் தெரியாது. படிகளை வரிசை தவறாமல் செய்தார், அவ்வளவுதான். அல்கோரிதம் என்பதும் அதுவே.

ஆனால் பிழையைத் திருத்த அவரால் முடிந்திராது. அதற்கு வானத்தைப் பார்க்க வேண்டும். கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கவனித்து, பழைய கணக்கைத் திருத்தி, 1431 இல் எழுதிய நூலின் பெயர் 'திருக்கணிதம்'. இங்கே 'திருக்' என்பது பார்வை. கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகும் கணிதம் என்பது பொருள்.

நான் பயிற்சி வைத்தியராக இருந்தபோது ஒரு குழந்தையின் நிறையை 24 என்று கணினியில் பதிந்தேன். அது உடனே மருந்தளவைச் சொன்னது. ஊசியோடு நின்ற தாதி குழந்தையைப் பார்த்துவிட்டு, "டொக்டர், இந்தப் பிள்ளை இருபத்திநாலு கிலோ வராதே" என்றார். அந்த எண் இறாத்தலில் எடுத்தது. உண்மையில் பதினொரு கிலோகூட இல்லை. கணினியின் கணக்கில் பிழையில்லை. பிள்ளையைப் பார்க்காதது என் பிழை. அன்று அந்தப் பிள்ளையைக் காத்தது அந்தத் தாதியின் பார்வை.

நூற்றாண்டு காணும் எமது கல்லூரியில் இன்று கணிதமும் கணினியும் கற்கும் தங்கைமாரே, சூத்திரத்தை மனனம் செய்யுங்கள், அதில் வெட்கமில்லை. எங்கள் முன்னோர் அதனால் கிரகணத்தையே கணித்தார்கள். விடை வந்ததும் ஒரு தடவை தலை நிமிர்ந்து வானத்தையும் பாருங்கள்.